போட்டில் ஏறும் முன் கரையில் எழுதி வைக்க வேண்டியவை

தூத்தூரிலோ வள்ளவிளையிலோ ஒரு வீட்டில் போய் ஆள் எங்கே என்று கேட்டால், "கடலுக்குப் போயிருக்காரு" என்பதோடு பேச்சு முடியாது. கொச்சியா, மங்களூரா, வேராவலா என்று அடுத்த கேள்வி இருக்கிறது. குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் இரயுமன்துறையில் தொடங்கி பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை வழியாக நீரோடி வரை எட்டு ஊர்கள் ஒட்டி ஒட்டிக் கிடக்கின்றன. ஆயிரங்கால் தூண்டிலும் செவுள்வலையும் கொண்டு சுறாவும் சூரையும் தேடிப் போகிற ஆழ்கடல் தொழிலில் இந்த ஊர்க்காரர்களுக்கு இந்தியாவில் ஈடு குறைவு. கிளம்பினால் முப்பது, நாற்பது நாள் கழித்துத்தான் கரை. அந்தக் கரையும் சொந்த ஊர்க் கரை இல்லை. தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாசலில் மணல் மேவுவதும், அங்கே அலையில் வள்ளம் கவிழ்ந்து உயிர் போவதும் மாவட்டத்துக்கே தெரிந்த கதை. பெரிய போட்டுகள் கொச்சி தோப்பும்படியிலும் முனம்பத்திலும் போய்க் கட்டுகின்றன.

ஆக, வருஷத்தில் பாதிக்கு மேல் இவர்களுக்கு வீடு என்பது போட்டுதான். போட்டை ஓட்டுகிற சிராங்குக்கு வீல்ஹவுஸ் உண்டு. மற்றவர்களுக்கு அதன் பின்னால், நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை தட்டுகிற பலகைப் படுக்கை. எஞ்சின் சூடும் டீசல் வாடையும் பலகை வழியாக ஏறிக்கொண்டே இருக்கும். நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். குளிப்பு உப்புத் தண்ணீரில். பாடு, அதாவது ஒரு கடல் பயணம், முடிந்து ஹார்பரில் மீன் இறக்கிய பிறகும் பலர் லாட்ஜுக்குப் போவதில்லை. கணக்கு முடிகிற வரை அதே பலகையில் படுத்துக்கொண்டால் வாடகை மிச்சம். கையில் காசு நின்றால் ரயிலேறி ஊருக்கு வந்து நாலு நாள் இருப்பார்கள். நிற்கவில்லை என்றால் ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு அடுத்த பாட்டுக்கு.

இப்படி வாழ்பவருக்குச் சட்டத்தில் உரிமைகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒரே ஆணியில் தொங்குகின்றன: அந்த நாளில் அந்தப் போட்டில் இவர் இருந்தார் என்பதற்குக் கரையில் எழுத்து இருக்கிறதா? இல்லையென்றால் காப்பீடும் இழப்பீடும் நிவாரணமும் இழுத்துக்கொண்டே போகும்.

ஒக்கிப் புயல் இதைக் காட்டிவிட்டுப் போனது. 2017 நவம்பர் 30 அன்று அது புயலாக உருவெடுத்தபோது ஆழ்கடல் போட்டுகள் பல நாட்களுக்கு முன்பே கிளம்பிப் போயிருந்தன. கடைசி நேரத்தில் கரையில் சொன்ன எச்சரிக்கை அவர்கள் காதுக்கு எட்ட வழியில்லை. 68 போட்டுகளில் 952 பேர் மகாராஷ்டிராவின் சிந்துதுர்க் கரையில் ஒதுங்கிய செய்தி பிறகுதான் வந்தது. அதுவரை யார் எந்தப் போட்டில் போனார்கள், எத்தனை பேர் திரும்பவில்லை என்று கேட்டால் அரசிடம் ஒரு கணக்கு, ஊரில் வேறொரு கணக்கு. பங்குத்தந்தைகளும் ஊர்க்காரர்களும் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதித்தான் பட்டியல் தயாரானது. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத் தண்டவாளத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்தது தேடுதலை முடுக்கத்தான். அந்தப் பட்டியலைப் போட்டு கிளம்பும்போதே எழுதி வைத்திருக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு தேநீர் குடிக்கிற நேரம்.

அதனால் முதல் வேலை இது. போட்டு அவிழ்க்கும் முன் பதிவு எண்ணைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். குமரி மாவட்டப் போட்டு என்றால் ஐஎன்டி-டிஎன்-15 என்று தொடங்கும். கேரளப் பதிவுள்ள போட்டில் ஏறினால் அந்த எண் வேறு; அதை வீட்டில் சொல்லாமல் போகிறவர்கள்தான் அதிகம். கூட ஏறுகிறவர்களின் பெயர்கள், கிளம்பிய ஹார்பர், தேதி, உரிமையாளரின் போன் நம்பர், இவ்வளவும் ஒரு வாட்ஸ்அப் செய்தியில் அடங்கும். "எந்த போட்டுல மக்களே ஏறுற?" என்று அம்மா கேட்கும்போது "அதெல்லாம் வந்து சொல்லுதேன்" என்று வைத்துவிடாதீர்கள். மீனவர் அடையாள அட்டையின் அசலைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கூடவே வைத்திருங்கள். கடலோரக் காவல் படை கேட்டால் காட்ட வேண்டியிருக்கும். நகல் வீட்டில் இருக்கட்டும்.

அடுத்தது காசு. பங்குத் தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது. டீசல், ஐஸ், ரேஷன், தரகு எல்லாம் கழித்து மிச்சத்தை உரிமையாளரும் தொழிலாளிகளும் பேசின கணக்குப்படி பிரிக்கிறார்கள். பேசின கணக்கு பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். கணக்குச் சீட்டு எழுதுகிற வழக்கம் பல போட்டுகளில் உண்டு. ஆனால் அது உரிமையாளர் பைக்குள் போய்விடும். அதைப் படம் எடுத்துக்கொள்ள யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம்; உங்கள் பங்கு அதில் இருக்கிறது. முன்பணம் வாங்கினால் வங்கி வழியாக வாங்குங்கள், தொகையும் தேதியும் தானாகப் பதிவாகும். முன்பணம் பாக்கி என்று சொல்லி அடையாள அட்டையைப் பிடித்து வைத்து, வேறு போட்டில் ஏறவிடாமல் கட்டாயமாக வேலை வாங்கினால் அது வெறும் கடன் தகராறு ஆகாது. 1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வரக்கூடிய குற்றம். தொழில் நடக்கிற மாவட்டத்தின் ஆட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். ஊர்ச் சங்கத்தில் பேசித் தீர்ப்பது நல்லதுதான். தீராதபோது இந்த வழி இருப்பது தெரிந்திருக்க வேண்டும்.

நாற்பது நாள் கடலில் தப்பித்து வந்தவர் ரயில் படியில் தொங்கிக்கொண்டு ஊர் வருவதை நாம் ஆபத்தாகவே நினைப்பதில்லை. எறணாகுளத்தில் பரசுராம் எக்ஸ்பிரஸில் ஏறினால் குழித்துறையில் இறங்கலாம். முன்பதிவில்லாப் பெட்டியில் கால் வைக்க இடம் கிடைத்தாலே பெரிது. ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுவது ரயில்வே சட்டம் 124ஏ பிரிவின்படி இழப்பீட்டுக்கு உரிய விபத்து. இறந்தால் 8 லட்சம் ரூபாய், காயத்துக்கு அதன் தன்மைப்படி. ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் ஒரு வருடத்துக்குள் மனு செய்ய வேண்டும். செல்லுபடியாகும் டிக்கெட் எடுத்த பயணியாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. உடலில் டிக்கெட் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருந்தாலும் போன் செயலியில் டிக்கெட் எடுத்தால், பை தொலைந்தாலும் பதிவு தொலையாது. முன்பதிவு டிக்கெட்டை இணையத்தில் எடுக்கும்போது சில பைசாவுக்குப் பயணக் காப்பீடு வேண்டுமா என்று ஒரு கட்டம் கேட்கும். மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் தருகிற காப்பீடு அது. அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்திவிடுகிறோம்.

கடலில் நடக்கும் விபத்துக்குப் பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் குழு விபத்துக் காப்பீடு இருக்கிறது. மரணம் அல்லது முழு நிரந்தர ஊனத்துக்கு 5 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு இரண்டரை லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய். பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகளே கட்டுகின்றன. மீனவர் கையிலிருந்து ஒரு பைசா போகாது. ஆனால் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். தமிழ்நாடு மீனவர் நல வாரியத்துக்கும் மீனவர் கூட்டுறவு சங்கத்துக்கும் இதே கதைதான். வாரியம் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. சங்க உறுப்பினர்களுக்கான சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் மத்திய, மாநில அரசுகள் ஆளுக்கு 1,500 சேர்த்து 4,500 ஆகத் திரும்பி வரும். கடலில் இருக்கும்போது தவணை விட்டுப் போகிறவர்கள் நிறைய. அதை வீட்டிலிருப்பவர் பொறுப்பில் விட்டுவிடுவதே புத்தி. மீன்பிடித் தடைக்காலம் நம் மாவட்டத்தில் இரண்டு விதம். சின்னமுட்டம் பக்கத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். கேரளத்தில் தொழில் செய்கிறார் என்பதால் இது போய்விடாது. குடும்ப அட்டையும் சங்கப் பதிவும் இங்கே உயிரோடு இருக்க வேண்டும்.

கப்பல் மோதுவது கொச்சிக் கடலில் அடிக்கடி கேட்கிற செய்தி. 2018 ஆகஸ்ட் 7 அன்று முனம்பத்திலிருந்து போன 'ஓசியானிக்' போட்டு மோதி உடைந்ததில் குமரிக்காரர்கள் பலரைப் பறிகொடுத்தோம். மோதிய கப்பல் நிற்காமல் போய்விடலாம். நேரம், ஜிபிஎஸ் நிலை, கப்பலின் நிறம், தெரிந்தால் பெயர், எதுவானாலும் உடனே வயர்லெஸ்ஸில் பக்கத்துப் போட்டுக்குச் சொல்லி விடுங்கள். பிறகு அதுவே சாட்சி. கடலோரக் காவல் படையின் தேடல் மீட்பு எண் 1554, தமிழகக் கடலோரக் காவல் குழுமத்தின் எண் 1093. கொச்சிக் கடலில் நடந்ததற்குக் கொச்சியில்தான் புகார் கொடுக்க வேண்டும் என்று நித்திரவிளையிலோ குளச்சலிலோ திருப்பி அனுப்பினால் ஒத்துக்கொள்ள வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும்.

2012 பிப்ரவரி 15 அன்று 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலியக் கப்பலிலிருந்து சுட்டதில் 'புனித அந்தோணி' போட்டில் இருவர் இறந்தார்கள், ஒருவர் இரயுமன்துறைக்காரர். 2021இல் 10 கோடி ரூபாய் இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் ஏற்றபோது இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 4 கோடியும் போட்டு உரிமையாளருக்கு 2 கோடியும் என்று ஆனது. கூட இருந்து உயிர் தப்பிய தொழிலாளிகள்? அவர்கள் தனியாகக் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. 2022 நவம்பரில்தான் அந்த 2 கோடியிலிருந்து தலா 5 லட்சம் கொடுக்க உத்தரவு வந்தது. தொழிலாளி தன் பங்கைத் தானே கேட்டு வாங்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய வழக்கு வேண்டாம்.

எல்லை தாண்டிய வழக்கும் உண்டு. மீனைத் தேடி டியேகோ கார்சியா பக்கமோ செஷல்ஸ் பக்கமோ போய் மாட்டியவர்கள் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். லாபம் இருக்கிறது என்று உரிமையாளர் சொன்னாலும் சிறையிலிருப்பது நீங்கள். நான் அதை ஆதரிக்கவே மாட்டேன். மாட்டினால், இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை தருகிற உரிமை அது. ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 73ஆம் பிரிவின்படி, பிற நாட்டின் பொருளாதார மண்டலத்தில் மீன்பிடித்த குற்றத்துக்கு, இரு நாடுகளுக்கும் இடையே வேறு உடன்பாடு இல்லாத வரை, சிறைத் தண்டனை கூடாது. உரிய பிணை கொடுத்தால் போட்டையும் ஆட்களையும் விரைவாக விட வேண்டும். கரையை ஒட்டிய 12 கடல் மைலுக்குள் போயிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அதனால்தான் பிடிபட்ட இடத்தின் ஜிபிஎஸ் பதிவு அவ்வளவு முக்கியம். ஊரில் இருப்பவர்கள் வெளியுறவுத் துறையின் 'மதத்' இணையதளத்தில் புகார் பதியலாம்.

ஒக்கியின்போது இல்லாத ஒரு கருவி இப்போது இருக்கிறது. வயர்லெஸ் முப்பது கடல் மைல் தாண்டினால் பேசாது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தில் 1 லட்சம் போட்டுகளுக்கு இலவசமாகப் பொருத்தும் டிரான்ஸ்பாண்டர் செயற்கைக்கோள் வழியாக வேலை செய்கிறது. இருபக்கமும் எழுத்துச் செய்தி போகும், ஆபத்துப் பொத்தானும் உண்டு. இடம் தெரிந்துவிடும் என்று அணைத்து வைக்கிற சிராங்குகளும் உண்டு. அப்படிப்பட்ட போட்டில் ஏறாதீர்கள்.

காணாமல் போனவர் விஷயம்தான் எல்லாவற்றிலும் கடினம். ஏழு வருடம் தகவல் இல்லாவிட்டால்தான் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்கும். சாட்சியச் சட்டத்தில் முன்பு 108ஆம் பிரிவு, இப்போதைய சட்டத்தில் 111. ஒக்கியில் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு அவ்வளவு காலம் காக்க வைக்காமல் 20 லட்சம் ரூபாய் கிடைத்தது, ஊர் திரண்டு நின்றதால். ஒரு ராத்திரியில் தனியாகத் தவறி விழுந்தவருக்காக எந்த ஊரும் தண்டவாளத்தில் உட்காராது. அவர் மனைவி அன்றைக்கே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். கூட இருந்தவர்களின் வாக்குமூலம் சூட்டோடு பதிவாக வேண்டும். பெண் என்ற முறையில், வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் கேட்க அவருக்கு உரிமை உண்டு. நாகர்கோவிலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, போன் 15100. ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மீனவர் குறைதீர் நாளில் எழுத்தில் மனுக் கொடுத்தால் அது கோப்பாகும்.

கடைசியாக உரிமையாளர்களுக்கு. உங்கள் போட்டில் இப்போது வங்காளம், அசாம், ஒடிசாப் பையன்களும் ஏறுகிறார்கள். இவர்கள் பெயர் எந்தப் பங்குக் கோயிலின் பட்டியலிலும் இருக்காது. இவர்களைத் தேடி நம் கரையில் யாரும் அழ மாட்டார்கள். ஒவ்வொருவரின் ஆதார் நகலும் ஊர் முகவரியும், வீட்டில் எடுக்கிற இரண்டு போன் நம்பர்களும் போட்டு புறப்படும் முன் உங்கள் கையில் இருக்கட்டும். அந்த நம்பர்களுக்கு அவர்கள் எதிரிலேயே ஒரு தடவை அடித்துப் பாருங்கள்.