திரியாய்க் கல்லும் திறன்பலகையும்

விழா ஆண்டு வந்தவுடன், தாம் பயின்ற கல்லூரிக்கு ஏதேனும் கொடுக்கவேண்டும் என்னும் ஆசை பழைய மாணவர்க்கு உண்டாதல் இயல்பே. முன்னாளில் அவ்வாசை மணிக்கூடாகவும் நூலக மண்டபமாகவும் உருக்கொண்டது. இந்நாளிலோ கணினியாகவும் 'ஸ்மார்ட் போர்ட்' என வழங்கும் திறன்பலகையாகவும் உருக்கொள்கின்றது. கொடுப்பாரை நாம் குறை கூறோம், நாமும் கொடுத்தவர்களே. எனினும், ஒரு கருவி வகுப்பறையில் எதனைச் செய்ய வல்லது, எதனைச் செய்ய மாட்டாது என்று தேர்ந்த பின்னர்ப் பணப்பையை அவிழ்த்தல் நன்று. இதற்கு நம் மாவட்டத்துத் திரியாய் நல்லதோர் எடுத்துக்காட்டாக அமைகின்றது.

திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி ஊடாகப் புல்மோட்டைக்குச் செல்லும் கரையோரப் பகுதியில், ஏறக்குறைய 45 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது அவ்வூர். அங்கே கிரிகண்டு சேய என்னும் பழைய தூபி நிற்கும் குன்றின் அருகே, பாறையொன்றிற் பொளிந்த சாசனம் உண்டு. மொழி வடமொழி, எழுத்துப் பல்லவ கிரந்தம், காலம் கி.பி. 7ஆம் அல்லது 8ஆம் நூற்றாண்டு என்பர். திரபுஸ்ஸகர், வல்லிகர் என்னும் வணிகர் கூட்டத்தாரை அது குறிப்பிடுகின்றது. பல நூற்றாண்டுகளாக அவ்வழியே போவார் வருவாரெல்லாம் அதனைக் கண்டிருப்பர். ஆயினும், கடந்த நூற்றாண்டிலே பரணவிதான முதலிய அறிஞர் எழுத்தெழுத்தாகப் படித்துரைத்த பின்னரே அதன் பொருள் உலகுக்குப் புலனாயிற்று. கண்முன்னே காட்டப்பட்ட தெல்லாம் கற்கப்பட்டதாகாது.

நம் முன்னோர் வகுப்பறைக் கருவிகளைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். மணலில் விரல் எழுதிற்று. ஏட்டில் எழுத்தாணி எழுதிற்று. பின்னர்ச் சிலேற்று வந்தது. இவை யாவும் மாணாக்கனின் கையை வேலைகொண்டவை. எழுத்துப் பிழைத்தால் மணலை அழித்து மீள எழுதலாம். பிழைக்க இடங்கொடுத்தலே மணலின் சிறப்பு. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொணர்ந்து, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவியதும் வகுப்பறையை நோக்கிய செயலே. எனினும், அவர் 1848இலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டார் என்பதைக் கவனித்தல் வேண்டும். முதலில் பள்ளி, பின்னரே பொறி. அப்பொறியிலிருந்து வெளிவந்த பாலபாடங்களும் அப்பள்ளியின் தேவையறிந்து எழுதப்பட்டவையே.

கரும்பலகையை இன்று எவரும் தொழினுட்பம் என்று மதிப்பதில்லை. ஆனால், ஒரு கணக்கை நாற்பது பேருக்கு ஒருங்கே காட்டும் அதன் ஆற்றல் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பள்ளிகளையே மாற்றிற்று. அதன் பெருங்குணம் மந்தகதி. வெண்கட்டி ஊரும் வேகத்திற்குமேல் ஆசிரியர் விரைய இயலாது. அவ்விடைவெளியிலே பிள்ளை சிந்திக்கின்றது. திறன்பலகையிலோ பத்து வரியும் ஒரு தொடுகையிலே தோன்றிவிடும். ஆசிரியர் வேண்டுமென்றே நிறுத்தி, "அடுத்து என்ன நிகழும்?" என்று வினவாவிடின், மாணாக்கன் பார்வையாளனாகவே இருந்துவிடுவான்.

நம் அநுபவம் ஒன்றையும் கூறிவிடுகின்றோம். கரையோரப் பாடசாலை ஒன்றுக்கு நாமும் நண்பர் சிலரும் பணம் திரட்டிச் சுவரிலே படங்காட்டும் புரொஜெக்டர் ஒன்றை அளித்தோம். மாலையிட்டார்கள், படமும் பிடித்தார்கள். இரண்டாண்டு கழித்துச் சென்றபோது அஃது அலுமாரியிற் பூட்டப்பட்டிருந்தது. விளக்குப் பழுதாகிவிட்டது, புதிய விளக்குக்கு எவரிடமும் பணமில்லை. பொருளைக் கொடுத்த நாம் அதன் ஆயுளைக் கொடுக்கவில்லை. பிழை எம்முடையதே.

2020 மார்ச்சில் கொள்ளைநோயால் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கல்வி கைத்தொலைபேசிக்குள் புகுந்தது. ஆசிரியர்கள் குறிப்புக்களைப் படம்பிடித்து வாட்ஸ்அப் வழியே அனுப்பினர். வீட்டில் ஒரே தொலைபேசி. அதனைத் தந்தை கடலுக்கோ வயலுக்கோ கொண்டுபோய்விட்டால், மூன்று பிள்ளைகளின் மூன்று வகுப்புக்களும் இரவுக்குக் காத்திருந்தன. 2022இல் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை நீண்டது. திரியாய் இதனிலும் கொடிய நாட்களைக் கண்ட ஊர். 1985இல் வீடுகள் எரிந்து ஊரே இடம்பெயர்ந்தது. பல்லாண்டு கழித்தே மக்கள் படிப்படியாகத் திரும்பினர். பெயர்ந்து வாழும் பிள்ளைக்குக் கொப்பியும் பென்சிலும் சொல்லித்தர ஒருவரும் இருந்தாற் படிப்பு நடக்கும். மின்சாரத்தை எதிர்நோக்கும் கருவி அங்கே பயன்படாது.

இவ்வாறு கூறுதலால் கணினியை வேண்டாமென்றோமல்லேம். 2013இல் க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பெற்ற பின், கணினியறியாத மாணவன் ஒரு வாயிலையே இழக்கின்றான். ஆய்வுகூடமில்லாத சிற்றூர்ப் பள்ளிக்குக் கணினி பேருதவி புரியவும் வல்லது. இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் என்பார் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய 'பெற்' என்னும் செயன்மாதிரிகள் இதற்குச் சான்று. மின்சுற்றிலே கம்பியைப் பிள்ளையே பொருத்தலாம். மின்கலத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பிழையாகப் பொருத்தினால் விளக்கு எரியாது, மீளப் பொருத்தலாம். மணலின் குணம் இங்கே திரும்பிவரக் காண்கின்றோம். தமிழிலும் இவற்றுட் பல கிடைக்கின்றன, விலையில்லை, ஒருமுறை இறக்கிவைத்துக்கொண்டால் இணைய இணைப்பின்றியும் இயங்கும். எனினும், கம்பியை முறுக்கிப் பழகாத விரலுக்குத் திரை முழுவதையும் கற்பித்துவிடாது. ஆதலின் ஒரு பெட்டி மின்கலமும் சிறு விளக்குகளும் உடன் கொடுத்தல் நலம்.

ஆகவே, விழா நிதியைக் கையாளும் அன்பர்க்கு எம் வேண்டுகோள் இது: பெரிய பலகை ஒன்றின் விலையைப் பகுத்து, சில எளிய கணினிகளும், ஐந்தாண்டுத் திருத்தச் செலவும், ஆசிரியர் பயிற்சியும் கருதுக. எதை வேண்டுகின்றீர்கள் என்று அப்பள்ளி ஆசிரியரையே முதலில் வினவுக.

திரியாய்ச் சாசனத்தையும் வகுப்பறையாக்கலாம். உச்சி வெயிலில் மங்கிய எழுத்துத் தென்படாது. பக்கத்திலிருந்து சாய்வாக ஒளி விழுந்தால், பொளிவின் விளிம்பு நிழல் வீழ்த்த, எழுத்து எழுந்து நிற்கும். தொல்லெழுத்தாய்வோர் கையாளும் முறையே இது. பாறையைத் தீண்டாது, வெண்கட்டி தேய்க்காது, ஒரு பிள்ளை கைவிளக்கை இடமும் வலமுமாகப் பிடிக்க, மற்றொரு பிள்ளை தொலைபேசியாற் படம்பிடிக்கலாம். எந்த எழுத்து எப்பக்கத்து ஒளியில் தெளிந்தது என்று கொப்பியிற் குறித்துக் கிரந்த எழுத்து அட்டவணையோடு ஒப்பிடலாம். வேண்டுவன ஒரு கைவிளக்கும், ஒரு தொலைபேசியும், அந்திவேளையில் பிள்ளைகளோடு அக்குன்றுவரை நடந்துவர இசையும் ஓர் ஆசிரியருமே.