மலையடிவாரத்துக்கு ஒரு சிக்கனத் தொலைபேசி

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ள ஆலங்காயம் ஒரு பேரூர். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமும் அதுவே. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இப்பகுதி புதிய திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மலையில் விளையும் புளி, பலா, சாமை, சீத்தாப்பழம், மலைத்தேன் ஆகியவற்றை நம்பி இப்பகுதியில் வாழும் குடும்பங்கள் பல. இச்சரக்குகளை வாங்கி விற்கும் சிறு கடைக்காரருக்கும், விவசாயிகளின் உற்பத்திக் குழுவுக்கும் இன்று வியாபாரம் பெரும்பாலும் கைப்பேசி மூலமாகவே நடைபெறுகிறது.

இதில் ஒரு குறை உண்டு. குழுவின் எண் என்று வெளியூர் வியாபாரிகள் குறித்து வைத்திருப்பது உண்மையில் அதன் எழுத்தரின் சொந்த எண்ணாக இருக்கும். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது அழைப்பவருக்கு இணைப்புக் கிடைப்பதில்லை. அவர் வேறு ஊருக்குச் சென்றுவிட்டால், பல ஆண்டுகளாகச் சேர்ந்த வாடிக்கையும் அந்த எண்ணோடு சென்றுவிடும். புளி வரத்து மிகுந்த காலத்தில் ஓர் அழைப்பைத் தவறவிடுவது ஒரு பார வண்டிச் சரக்கைத் தவறவிடுவதற்குச் சமமாகலாம். நகரத்து நிறுவனங்கள் இதற்காகத் தனி எக்ஸ்சேஞ்சு வைத்துக்கொண்டன. அதன் விலை சிறு வியாபாரிக்கு எட்டாததாக இருந்தது.

இன்று அதே காரியத்தைச் சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள, உள்ளங்கையளவான சிறு கணிப்பொறி ஒன்றே செய்துவிடும். அது எவ்வாறு என்பதைச் சற்று விளக்குவோம்.

பழைய தொலைபேசியில் இருவர் பேசும்வரை ஒரு பாதை முழுவதும் அவ்விருவருக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. இணையத் தொலைபேசியில் அவ்வாறில்லை. பேச்சொலி விநாடிக்கு 8,000 தடவை அளந்து எண்களாக மாற்றப்படுகிறது. அவ்வெண்கள் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டப்பட்டு, விநாடிக்கு ஐம்பது பொட்டலங்கள் வீதம் அனுப்பப்படுகின்றன. ஒவ்வொன்றின் மேலும் சேரவேண்டிய முகவரி உண்டு. தபால் பைகளைப் போலவே பிறருடைய பொட்டலங்களோடு கலந்து சென்று, உரிய இடத்தில் மீண்டும் ஒலியாகின்றன. இம்முறையில் ஒரு பேச்சுக்கு ஒவ்வொரு திசையிலும் விநாடிக்குச் சுமார் 80 முதல் 90 கிலோபிட் தேவைப்படும். ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் இதில் மூன்றில் ஒரு பங்கே போதும். ஆகவே பத்துப் பேர் ஒரே வேளையில் பேசுவதற்கு விநாடிக்கு ஒரு மெகாபிட் அளவே போதுமானது. ஆனால் பொட்டலங்கள் தாமதமாகவோ முன்பின்னாகவோ வந்தால் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். எனவே வேகத்தைவிடத் தடையின்மையே இங்கு முக்கியம்.

நட்சத்திரக் குறியின் பெயரால்

கருவி மலிந்தது ஒரு பக்கம் இருக்க, அதை இயக்கும் மென்பொருள் இலவசமாகக் கிடைப்பதே பெரிய மாற்றம். அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர் என்ற கல்லூரி மாணவர் 1999இல் ஒரு சிறு தொழில் தொடங்கினார். எக்ஸ்சேஞ்சு வாங்கப் போதிய பணமின்மையால், அதன் வேலையைச் செய்யும் நிரலைத் தாமே எழுதி, அதன் மூலத்தை யாவரும் படிக்கவும் திருத்தவும் வழங்கவும் உரிமையுடன் வெளியிட்டார். நட்சத்திரக் குறியின் ஆங்கிலப் பெயரான ஆஸ்டெரிஸ்க் என்பதே அதன் பெயர். (விண்மீன்களை நோக்க 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கும் காவலூருக்கு அருகே இப்பெயர் பொருத்தமானதுதான்.)

இந்நிரல் ஓடும் கணிப்பொறி, வரும் அழைப்பை ஏற்று, "கொள்முதலுக்கு ஒன்றை அழுத்துக, கணக்குக்கு இரண்டை அழுத்துக" என்று தமிழில் பதிவுசெய்த குரலில் கூறும். ஒருவர் எடுக்காவிடில் அடுத்தவருக்கு அனுப்பும். எவரும் இல்லையெனில் செய்தியைப் பதிந்து வைக்கும். லின்போன் போன்ற இலவசச் செயலியைக் கைப்பேசியில் ஏற்றினால் அதுவே கிளைத் தொலைபேசியாகும். எழுத்தர் மாறினாலும் குழுவின் எண் குழுவிடமே இருக்கும்.

இதனைப் பொதுநலத்துக்கும் பயன்படுத்தலாம். சத்தீஸ்கரில் 2010இல் தொடங்கப்பட்ட சிஜிநெட் ஸ்வரா என்னும் குரல்வழிச் செய்தி ஏற்பாடு ஆஸ்டெரிஸ்க்கைக் கொண்டே அமைக்கப்பட்டது. எழுதப் படிக்க அறியாத பழங்குடியினரும் சாதாரணக் கைப்பேசியில் தம் மொழியிலேயே குறைகளைப் பதிந்தனர். பிறர் அவற்றைக் கேட்டனர். பஞ்சாயத்து ஒன்று குடிநீர்க் குழாய், தெருவிளக்குப் புகார்களை இவ்வாறு பெறுவதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. பதிந்ததைத் தினந்தோறும் கேட்டு நடவடிக்கை எடுக்க ஆள் வேண்டும், அவ்வளவே.

நம் மாநிலத்தின் அனுபவமும் கவனிக்கத்தக்கது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் என்னும் கம்பியில்லா முறை, ஒரே இணைப்பில் பேச்சையும் விநாடிக்கு 35 கிலோபிட் இணையத்தையும் கொடுத்தது. 2001இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்துக் கிராமங்களில் இதைக்கொண்டு இணைய நிலையங்கள் திறக்கப்பட்டன. அவற்றுள் பல சில ஆண்டுகளில் மூடப்பட்டன. நிலையம் நடத்தியவர்களுக்குப் போதிய வருமானம் இல்லை. பழுது நேர்ந்தபோது உதவியும் எளிதில் கிட்டவில்லை. இப்போது 12,525 கிராமப் பஞ்சாயத்துகளையும் ஒளியிழையால் இணைக்கும் பாரத்நெட் திட்டம் டான்ஃபிநெட் நிறுவனம் மூலம் நம் மாநிலத்தில் மேற்கொள்ளப்பட்டுள்ளது. பாதை வந்தபின் அதனைப் பராமரிக்கப்போவது யார் என்ற கேள்வி மேலூரிலிருந்து ஆலங்காயம் வரை ஒன்றே.

சட்டமும் எச்சரிக்கையும்

அலுவலகத்துக்குள் கிளைக்குக் கிளை பேசுவது ஒன்று. வெளியுலகத் தொலைபேசி எண்களை அழைப்பது வேறு. பின்னதற்கு உரிமம் பெற்ற நிறுவனத்திடமிருந்தே இணைப்புப் பெறவேண்டும். அத்தகைய நிறுவனங்கள் இணையத் தொலைபேசிச் சேவை வழங்க 2018இல் வழி தெளிவாக்கப்பட்டது, பி.எஸ்.என்.எல். அவ்வாண்டிலேயே "விங்ஸ்" சேவையை அறிவித்தது. பல சிம் அட்டைகளைச் செருகிய பெட்டியை வீட்டில் வைக்க இடம் கொடுத்தால் மாதவாடகை தருவதாக எவரேனும் வந்தால் உடன்படலாகாது. வெளிநாட்டு அழைப்புகளை உள்ளூர் அழைப்பாகக் காட்டும் குற்றம் அது. இடம் கொடுத்தவரும் விசாரணைக்கு உள்ளாவார்.

இன்னோர் ஆபத்து கடவுச்சொல்லில் உள்ளது. 1234 போன்ற எளிய சொல்லை வைத்தால், எங்கோ இருக்கும் திருடன் உமது எக்ஸ்சேஞ்சில் நுழைந்து இரவோடிரவாக அயல்நாடுகளுக்குப் பேசுவான். கட்டணம் உமது பெயரில் வரும். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லையெனில் அதனை அடைத்துவிடுமாறு நிறுவனத்திடம் எழுதிக் கொடுப்பது நலம்.

மின்சாரம் நின்றால் இக்கருவியும் நிற்கும் என்பதால், கணிப்பொறிக்கும் இணையப் பெட்டிக்கும் சேர்த்து ஒரு மின்கலம் வைக்கவேண்டும். அப்போதும் 108, 112 ஆகிய அவசர எண்களுக்கு இந்த ஏற்பாட்டை நம்பலாகாது. அவற்றுக்காகச் சாதாரணக் கைப்பேசி ஒன்றை, அலை நன்கு எட்டும் இடத்தில், எப்போதும் மின்னேற்றி வைத்திருப்பது அவசியம்.