ஐந்து பேரின் பெயர்

விடியற்காலை நாலரை மணிக்கே திருநாவலூர்ப் பையன்கள் ரோட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ராணுவ ஆள்சேர்ப்பில் 1,600 மீட்டர் ஓட வேண்டும். ஐந்தரை நிமிஷத்துக்குள் முடித்தால் முழு மார்க். ஒருவன் செல்போனில் நேரம் பார்த்துக் கத்துவான், மற்றவர்கள் மூச்சிரைக்க ஓடிவருவார்கள். முப்பது வருஷம் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் என்னிடம் புறநானூறு படித்தவர்கள், அதாவது படிக்க வைக்கப்பட்டவர்கள்.

போன மாதம் ஒருநாள் ஓட்டம் முடிந்து டீக்கடைக்கு வந்த பையன் ஒருவன் கேட்டான்: "ஐயா, எதிரி கையில மாட்டிக்கிட்டோம்னு வைங்க. என்னா சொல்லணும், என்னா சொல்லக்கூடாது?"

போர் விமானி அபிநந்தனின் வீடியோவைப் பார்த்திருக்கிறான். நம் பக்கத்து மாவட்டம் திருவண்ணாமலை, அங்கே திருப்பணமூர்தான் அபிநந்தன் குடும்பத்தின் பூர்வீக ஊர். 2019 பிப்ரவரி 27-இல் பாகிஸ்தானிடம் பிடிபட்டு, மார்ச் 1 இரவு வாகா வழியாகத் திரும்பி வந்தார். கையில் தேநீர்க் கோப்பையோடு, கேள்விகளுக்கு 'அதை நான் சொல்லக்கூடாது' என்கிற தோரணையில் அவர் பதில் சொன்னதை ஊரே பார்த்தது.

"நாலே விஷயம்தான் சொல்லணும்டா" என்றேன். "பேரு, பதவி, பிறந்த தேதி, ராணுவ நம்பர்."

இது வீரவசனம் இல்லை, சட்டம். போர்க்கைதிகளுக்கென்றே 1949-இல் எழுதப்பட்ட மூன்றாவது ஜெனீவா உடன்படிக்கையில் 143 பிரிவுகள் இருக்கின்றன. அந்த நாலு விவரத்தைச் சொல்வது 17-ஆம் பிரிவு. அதற்கு மேல் கறக்க அடிக்கவோ மிரட்டவோ கூடாது என்பதும் அதே பிரிவுதான். இரண்டு நாடுகளும் 'போர்' என்று அறிவிக்காமல் சண்டை போட்டாலும் இது செல்லும். சண்டை ஓய்ந்ததும் கைதியைத் தாமதமில்லாமல் விட்டுவிட வேண்டும். சிறையிலேயே இறந்துபோனால்? மரியாதையோடு அடக்கம் செய்ய வேண்டும், இடத்துக்கு அடையாளம் வைக்க வேண்டும். எப்படி இறந்தான் என்பது தெளிவாக இல்லையென்றால், பிடித்து வைத்திருந்தவனே உடனடியாக விசாரணை நடத்த வேண்டும். இந்த விசாரணையைச் சொல்வது 121-ஆம் பிரிவு.

கேட்டுக்கொண்டிருந்தவன் டீயை வைத்துவிட்டு, "அப்போ புடிபட்டவங்க எல்லாரும் திரும்பி வந்துடுவாங்களா ஐயா?" என்றான்.

கார்கில் போரில் ஒரே கோடையில் இரண்டு விதமாகவும் நடந்தது. 1999 மே 27-இல் மிக்-27 விமானம் செயலிழந்து குதித்த விமானி நச்சிகேதா பிடிபட்டார். ஜூன் 3-ஆம் தேதி செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக விடுவிக்கப்பட்டார். அதற்கு ஆறு நாள் கழித்து, ஜூன் 9-ஆம் தேதி, பாகிஸ்தான் ஆறு உடல்களை ஒப்படைத்தது. அதில் ஒன்று சௌரப் காலியாவுடையது.

இமாச்சலப் பிரதேசத்தில் பாலம்பூர் என்று ஒரு தேயிலைத் தோட்டத்து ஊர். அங்கே வளர்ந்த பையன். அப்பா விஞ்ஞானி. 1998 டிசம்பரில் டேராடூன் ராணுவ அகாடமியில் பயிற்சி முடித்து, 4-ஆவது ஜாட் படைப்பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தார். ஐந்து மாதம் ஆனது. பனி உருகும் சமயம். கார்கிலின் காக்சர் பகுதியில் மேலே யாரோ வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தகவல். எத்தனை பேர், எந்த நாட்டுக்காரன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாத நேரம். மே 15-இல் ஐந்து ஜவான்களோடு ரோந்து போனார். மேலே உட்கார்ந்திருந்தது பாகிஸ்தான் படை. கையில் இருந்த தோட்டா தீரும்வரை சுட்டார்கள், பிறகு அந்தப் படை சூழ்ந்து அவர்களைப் பிடித்துவிட்டது. உடல் திரும்பியபோது அவருக்கு இருபத்து மூன்று வயது ஆக இன்னும் இருபது நாள் இருந்தது.

அந்த உடல்களில் என்னென்ன காயம் இருந்தது என்று பிரேதப் பரிசோதனை அறிக்கை சொல்கிறது. பத்திரிகைகள் அதை வரிவரியாக வெளியிட்டன. நான் எழுதப் போவதில்லை. வகுப்பிலும் சொன்னதில்லை. உயிரோடு பிடித்து வைத்திருந்தபோது உண்டான காயங்கள் என்பது இந்தியாவின் நிலை. சித்திரவதையே இல்லை என்பது பாகிஸ்தானின் பதில். 121-ஆம் பிரிவு கேட்கும் விசாரணையை யாரும் நடத்தவில்லை.

களத்தில் விழுந்தவனுக்குப் பக்கத்தில் நின்றவன் சாட்சி. அதே கார்கிலில் நம் திருச்சி மேஜர் சரவணன் மே 29-இல் படாலிக்கில் விழுந்தார். உடலைக் கீழே கொண்டுவர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஆனாலும் அவர் எப்படி ஏறினார், எப்படி விழுந்தார் என்று சொல்லக் கூட இருந்தவர்கள் இருந்தார்கள். சிறைப்பட்டு இறந்தவனுக்குச் சாட்சி அவனைக் கொன்றவன் மட்டும்தான். அதனால்தான் காலியாவின் அப்பா என்.கே. காலியா அத்தனை வருஷம் மனு எழுதிக்கொண்டே இருந்தார். 2012-இல் உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். சர்வதேச நீதிமன்றத்துக்கு வழக்கைக் கொண்டுபோங்கள் என்பது அவர் கோரிக்கை. அங்கேதான் முட்டுக்கட்டை. காமன்வெல்த் நாடுகளோடு உள்ள தகராறை அந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக மாட்டோம் என்று 1974-இல் இந்தியாவே எழுதிக் கொடுத்திருக்கிறது. பாகிஸ்தான் காமன்வெல்த் நாடு. நாம் போட்ட வேலி, நம் பிள்ளைக்கே குறுக்கே நிற்கிறது.

இதையெல்லாம் சொல்லி முடித்தேன். டீ ஆறிப்போயிருந்தது. பையன் சாதாரணமாகக் கேட்டான்: "கூடப் போன அந்த அஞ்சு பேரு, அவங்க பேரு என்னா ஐயா?"

எனக்குத் தெரியவில்லை.

இருபது வருஷத்துக்கு மேல் இந்தக் கதையை வகுப்பில் சொல்லி வந்தவன் நான். கணைக்கால் இரும்பொறையை நடத்தும்போதெல்லாம் இதையும் சேர்த்துச் சொல்வேன். சோழன் செங்கணானிடம் தோற்று, குடவாயிற் கோட்டத்தில் சிறைப்பட்ட சேரன் அவன். தண்ணீர் கேட்டான், காலம் தாழ்த்திக் கொடுத்தார்கள், குடிக்காமல் ஒரு பாட்டைச் சொல்லிவிட்டு இறந்தான். புறநானூற்றில் 74-ஆம் பாட்டு. தமிழில் போர்க்கைதியின் வாய்ச்சொல் என்று நமக்குக் கிடைத்தது அதுதான். சொல்லிவிட்டு, "இந்தக் காலத்திலும் சௌரப் காலியா என்று ஒருவர், கூட ஐந்து ஜவான்கள்" என்று முடிப்பேன். கூட ஐந்து ஜவான்கள். இரும்பொறையோடு பிடிபட்ட சேரநாட்டு வீரர்கள் எத்தனை பேரோ, அவர்களை யார் பாடினார்கள் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

வெட்கமாகப் போய்விட்டது. ஏனென்றால் நம் பக்கத்து மரபு அப்படிப்பட்டதில்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல். முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது, 1,400 வருஷம் ஆகிறது. எருமை மந்தையைக் காக்கப் போராடிச் செத்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு நட்ட கல். அவன் அரசன் இல்லை, தளபதி இல்லை. அந்தக் கல்லில் அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு திருடர்களைக் கடித்து அவனுக்குக் காவல் நின்ற நாய். அதன் பெயர் கோவிவன். நாயின் பெயரை விடாமல் கல்லில் வெட்டி வைத்தவர்களின் ஊர்க்காரன் நான்.

வீட்டுக்குப் போய்த் தேடினேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அவ்வளவு சுலபமாகக் கிடைக்கிற பெயர்களைத்தான் இத்தனை வருஷம் தேடாமல் இருந்திருக்கிறேன். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி, மறுநாள் காலையில் அவனிடம் கொடுத்தேன். வெளிச்சம் போதவில்லை. செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு படித்தான்.

அர்ஜுன் ராம். பன்வர் லால் பகாரியா. பிகா ராம். மூலா ராம். நரேஷ் சிங்.

பன்வர் லாலில் கொஞ்சம் தடுக்கினான். திரும்பச் சொல்லிப் பார்த்தான். "எந்த ஊருங்கய்யா இவங்க?"

"பாதிக்கு மேல ராஜஸ்தான். நம்ம ஊரு மாதிரிதான், கிராமத்துப் பசங்க."

தாளை நாலாக மடித்து செல்போன் உறைக்குள் செருகிக்கொண்டான். அதற்குள் நேரம் பார்க்கிற பையன் சத்தம் போட்டான். எல்லோரும் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றார்கள்.