வீட்டுத் தோட்டத்தில் முல்லைக்கொடி

ஏரிக்கு வாரியம் அமைத்ததுபோல் தோட்டத்திற்கும் வாரியம் அமைத்த ஊர் உத்திரமேரூர். கி.பி. 921-ஆம் ஆண்டின் பராந்தக சோழன் கல்வெட்டு, குடவோலை வழியே தேர்ந்தோரில் பன்னிருவரைத் தோட்ட வாரியத்திற்கு ஒதுக்கியது. அத்தகைய வட்டாரத்தில் தலைக்குச் சூடும் பூவைக் காசு கொடுத்து வாங்குவதும், கிணற்றடி நீர் தெருவில் தேங்கிக் கொசுவை வளர்ப்பதும் நமக்கு அழகல்ல. ஒரு முல்லைக்கொடி இவ்விரு குறைகளையும் போக்க உதவும்.

ஜூன் முதல் நவம்பர் வரை நடலாம். வெயில் நன்கு படும் இடத்தில், நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஓர் அடியாகக் குழி எடுத்து, 10 கிலோ மக்கிய தொழுவுரம் இட்டு, வேர் பிடித்த பதியனை நடுக. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பாரிமுல்லை ஏற்ற இரகமாகும். கிணற்றடி நீரைச் சிறு வாய்க்காலால் கொடிக்குத் திருப்புக. சோப்பு மிகுந்த நீரும், வேரடியில் தேங்கும் நீரும் ஆகா.

கொடியை வெட்டப் பலருக்கு மனம் வருவதில்லை. பூ குறைவதற்கு அதுவே காரணம். புதிய தளிரிலேதான் மொட்டு தோன்றும். வயலில் பயிரிடுவோர் சனவரி இறுதியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்வர். வீட்டுப் பந்தலில், பூத்து ஓய்ந்த கிளைகளையும் காய்ந்தவற்றையும் அதே பருவத்தில் கழித்து, தொழுவுரம் இட்டால் போதும்.

ஊராட்சி உறுப்பினர்கள் தம் இல்லத்தில் முதற்கொடியை நட்டு, அதன் பதியன்களை அண்டை வீட்டார்க்கு வழங்குவார்களாக. பழைய தோட்ட வாரியத்தின் பணியை நாம் தொடர்வதற்கு அது நல்ல தொடக்கமாகும்.