மெடிகேர்: பிரீமியத்தை விட்டு அடக்கவிலையைப் பாருங்கள்

கடையை ஒரு பிள்ளையின் கையில் ஒப்படைத்துவிட்டு, அமெரிக்காவில் வேலை பார்க்கும் மற்றொரு பிள்ளையின் வீட்டில் போய்த் தங்கும் மூத்த வணிகர்கள் நம்மிடையே பெருகி வருகிறார்கள். நியூஜெர்ஸி, டெக்சாஸ் பக்கம் சொந்தமாகவே மளிகைக் கடை வைத்து நடத்தும் உறவினர்களும் நம்மில் பலருக்கு உண்டு. இவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "65 வயதுக்கு மேல் அங்கே வைத்தியச் செலவுக்கு என்ன வழி? மெடிகேர் என்கிறார்களே, அதில் எதை எடுப்பது?" காப்பீடு இல்லாமல் அந்த ஊர் ஆஸ்பத்திரிப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்க முடியாது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். சுற்றுலா விசாவில் ஆறு மாதம் போய் வருபவருக்கு மெடிகேர் கிடையாது. கிரீன் கார்டு வாங்கிப் போனாலும், 65 வயதாகி, அந்நாட்டில் தொடர்ந்து 5 ஆண்டு வசித்த பிறகுதான் பணம் கட்டிச் சேரும் உரிமை வருகிறது. இடையில் மாதக்கணக்கில் ஊரில் வந்து தங்கிவிட்டால் இந்தத் தொடர்ச்சியே கேள்விக்குள்ளாகும். அதுவரை தனியார் காப்பீடுதான் கதி.

மெடிகேர் என்பது 1965-ல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் வந்த அரசாங்கத் திட்டம். 'ஏ' பிரிவு ஆஸ்பத்திரியில் படுக்கும் செலவுக்கு. 'பி' பிரிவு டாக்டர் கட்டணம், பரிசோதனை முதலியவற்றுக்கு. 'டி' பிரிவு மருந்து மாத்திரைக்கு. இது 2006-ல்தான் நடைமுறைக்கு வந்தது. 'சி' என்பது தனியார் கம்பெனிகள் இவற்றை ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவது. மெடிகேர் அட்வான்டேஜ் என்று பெயர்.

ஏ பிரிவு இலவசம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது உழைத்து வரி கட்டியவருக்கு மட்டுமே. மொத்தம் 40 காலாண்டு, அதாவது சுமார் 10 ஆண்டு, சம்பளத்திலோ சுயதொழில் வருமானத்திலோ வரி கட்டியிருக்க வேண்டும். கணவன் கட்டிய கணக்கில் மனைவிக்கும், மனைவி கட்டியதில் கணவனுக்கும் கிடைக்கும். மகன் கட்டிய வரியில் தகப்பனாருக்குக் கிடைக்காது. 30 காலாண்டுக்குக் கீழே உள்ளவர் ஏ பிரிவு வேண்டுமென்றால் 2026 கணக்குப்படி மாதம் 565 டாலர் கட்ட வேண்டும். வருடத்திற்கு 6,780 டாலர்!

இங்கே, அமெரிக்காவில் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரீன் கார்டில் வந்த அப்பா காலையில் கடை திறக்கிறார், சரக்கு அடுக்குகிறார், கல்லாவில் உட்காருகிறார். வீட்டு மனிதர்தானே என்று சம்பளம் எழுதுவதில்லை. நம் ஊரில் காலங்காலமாக உள்ள வழக்கம் அது. அங்கே அதனால் அவருக்கு ஒரு காலாண்டுகூடச் சேராமல் போகிறது. 2026-ல் ஒரு காலாண்டு சேர 1,890 டாலர் சம்பாத்தியம் காட்டினால் போதும். நான்கும் சேர 7,560 டாலர். இதற்குக் கடையும் அவரும் சேர்ந்து கட்டும் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரி 15.3 சதவீதம், அதாவது சுமார் 1,157 டாலர். வருடம் 1,157 வீதம் 10 ஆண்டு கட்டுவது மேலா, ஆயுள் முழுவதும் வருடம் 6,780 கட்டுவது மேலா என்பதை மனக்கணக்கிலேயே போட்டுவிடலாம். ஆனால் வேலை உண்மையாக நடக்க வேண்டும், சம்பளம் உண்மையாகக் கைக்குப் போக வேண்டும். ஏட்டில் மட்டும் எழுதுவது குற்றம். 60 வயதில் போகிறவருக்கு இது பயன்படும். 75-ல் போகிறவருக்குப் பயன்படாது.

இனி இரண்டு பாதைகளுக்கு வருவோம்.

ஏ, பி இரண்டையும் அரசாங்கத்திடமே வைத்துக்கொள்வது முதல் பாதை. 2026-ல் பி பிரிவுக்கு மாதம் 202 டாலர் 90 சென்ட் (வருமானம் மிக அதிகமானால் இன்னும் கூடும்). ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் முதல் 1,736 டாலர் நம் பொறுப்பு. டாக்டர் செலவில் வருடத்தின் முதல் 283 டாலர் நம்முடையது, அதற்கு மேல் 20 சதவீதம் நம்முடையது. இந்த 20 சதவீதத்திற்கு உச்சவரம்பே கிடையாது என்பதுதான் விஷயம். புற்றுநோய்ச் சிகிச்சை என்று வந்துவிட்டால் 20 சதவீதமே ஒரு கடையின் முதலைத் தின்றுவிடும். எனவே அந்த ஓட்டையை அடைக்க 'மெடிகேப்' என்ற தனியார் துணைப் பாலிசி எடுக்கிறார்கள். மருந்துக்குத் தனியாக டி பிரிவு. ஆக மூன்று இடத்தில் பணம் கட்ட வேண்டும். ஆனால் மெடிகேரை ஏற்கும் எந்த டாக்டரிடமும், எந்த மாநிலத்திலும் காட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது பாதை அட்வான்டேஜ். பி பிரிவுப் பணம் கட்டினால் போதும், பிரீமியம் பூஜ்யம் என்று பல கம்பெனிகள் விளம்பரம் செய்கின்றன. மருந்தும் பெரும்பாலும் உள்ளேயே அடக்கம். சாதாரண மெடிகேர் தராத பல் வைத்தியம், மூக்குக் கண்ணாடி, காதுக் கருவி ஆகியவற்றிலும் ஏதேனும் சேர்த்துத் தருவார்கள். இதற்குப் பதிலாக, அவர்கள் பட்டியலில் உள்ள டாக்டரிடம்தான் போக வேண்டும். பல சிகிச்சைகளுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும்.

வியாபாரிக்கு இது புதிய விஷயமல்ல. மூட்டை விலை குறைவு என்று துவரம்பருப்பு வாங்கி, லாரி வாடகை, ஏற்றுக்கூலி, எடைக்குறைவு எல்லாம் போட்டுப் பார்த்தால் அடக்கவிலை பக்கத்துக் கடைக்காரர் விற்கும் விலையைத் தாண்டியிருக்கும். காப்பீட்டிலும் பிரீமியம் என்பது மூட்டை விலைதான். நல்ல வருடம் ஒன்று, கெட்ட வருடம் ஒன்று என்று வைத்து அடக்கவிலை போட வேண்டும். ஏ பிரிவு இலவசமாகக் கிடைக்கும் ஒருவருக்குப் போட்டுப் பார்ப்போம். மெடிகேப் மாதம் 150, டி பிரிவு மாதம் 40 என்பது கணக்குக்காக நாமே வைத்துக்கொண்ட தொகை. ஊருக்கு ஊர், வயதுக்கு வயது மாறும்.

முதல் பாதையில் பி 2,435, மெடிகேப் 1,800, டி 480, ஆக வருடம் சுமார் 4,715 டாலர் நிச்சயச் செலவு. பெரிய நோய் வந்தாலும், மெடிகேப்பில் 'ஜி' என்ற வகை எடுத்திருந்தால், மேற்கொண்டு அந்த 283 டாலரும், மருந்துக்கு அதிகபட்சம் 2,100 டாலரும்தான். மொத்தம் 7,098-க்குள் முடிந்தது.

இரண்டாவது பாதையில் நிச்சயச் செலவு பி பிரிவின் 2,435 மட்டுமே. உடம்பு நன்றாக இருந்தால் 2,280 டாலர் மிச்சம், டாக்டரைப் பார்க்கும்போது கட்டும் சில்லறை நீங்கலாக. கெட்ட வருடம் வந்தால்? கம்பெனி நம்மிடம் வாங்கக்கூடிய தொகைக்கு 2026-ல் சட்டம் வைத்துள்ள உச்சவரம்பு 9,250 டாலர் (பட்டியல் டாக்டர்களிடம் காட்டினால்). பல கம்பெனிகள் இதைவிடக் குறைவாக வைத்திருக்கும். நாம் உச்சத்தையே எடுத்துக்கொள்வோம். மருந்துக்கு 2,100. மொத்தம் 13,785 டாலர். அதாவது நல்ல வருடத்தில் 2,280 மிச்சம், கெட்ட வருடத்தில் 6,687 கூடுதல். மூன்று நல்ல வருடத்து மிச்சத்தைச் சேர்த்து வைத்தால் ஒரு கெட்ட வருடத்தைச் சமாளிக்கலாம். கையிருப்பு உள்ளவர், உடம்பு திடமாக உள்ளவர், ஒரே ஊரில் இருப்பவர் அட்வான்டேஜ் எடுப்பதில் தவறில்லை. ஆனால் அந்த மிச்சத்தைச் செலவழிக்காமல் ஒதுக்கி வைப்பவர் எத்தனை பேர்?

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு; ஏஜெண்டுகள் அழுத்திச் சொல்வதில்லை. 65 வயதுக்குப் பின் பி பிரிவு தொடங்கிய நாளிலிருந்து 6 மாதம் வரைதான் மெடிகேப் கம்பெனி யாரையும் மறுக்க முடியாது. சர்க்கரை, இருதய நோய் எது இருந்தாலும் கொடுத்தாக வேண்டும். அது தாண்டினால் பெரும்பாலான மாநிலங்களில் உடல்நிலையை விசாரித்து மறுக்கலாம், விலையைக் கூட்டலாம். நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்கள்தான் விலக்கு. 65 வயதில் மெடிகேர் கிடைத்தவுடனேயே அட்வான்டேஜில் சேர்ந்தவருக்கு முதல் 12 மாதத்திற்குள் மனம் மாறினால் திரும்பும் உரிமை உண்டு. பிறகு கதவு சாத்தியதுதான். "இப்போது பூஜ்யம் பிரீமியத்தில் இருப்போம், நோய் வந்ததும் மாறிக்கொள்வோம்" என்ற கணக்கு இங்கே எடுபடாது.

ஆறு மாதம் நியூஜெர்ஸியில் மகன் வீடு, ஆறு மாதம் டெக்சாஸில் மகள் வீடு என்று இருப்பவர்களுக்கு எங்கள் யோசனை முதல் பாதையே. அட்வான்டேஜ் ஒரு குறிப்பிட்ட வட்டாரத்திற்குள் நடப்பது. வெளியூரில் அவசரச் சிகிச்சைக்குப் பணம் தருவார்களே தவிர, வழக்கமான மூட்டுவலி வைத்தியத்திற்குப் பல திட்டங்கள் தராது.

ஊருக்கு வருகிறவர்களும் கவனிக்க வேண்டும். மதுரையிலோ சென்னையிலோ செய்துகொள்ளும் சிகிச்சைக்கு மெடிகேர் ஒரு காசு தராது. மெடிகேப் 'ஜி' போன்ற சில வகைகள், பயணத்தின் முதல் 60 நாளுக்குள் வரும் அவசரச் சிகிச்சைக்கு, 250 டாலர் போக 80 சதவீதம் தரும். ஆயுள் முழுவதற்கும் 50,000 டாலர் வரம்பு. ஆகவே இங்குள்ள பாலிசியை விட்டுவிடக் கூடாது. வயதான பின் புதிதாக எடுத்தால், இருக்கும் நோய்களுக்கு மறுபடியும் காத்திருக்க நேரிடும்.

மருந்து விஷயத்தில் நம்மவர் செய்யும் தவறு தனி ரகம். "மாத்திரைதான் ஊரிலிருந்து ஆறு மாதத்திற்குக் கொண்டுவந்து விடுகிறோமே, டி எதற்கு?" என்று விட்டுவிடுகிறார்கள். சமமான வேறு மருந்துக் காப்பீடு இல்லாமல் விட்ட ஒவ்வொரு மாதத்திற்கும் தேசிய அடிப்படைப் பிரீமியத்தில் (2026-ல் 38 டாலர் 99 சென்ட்) 1 சதவீதம் அபராதம். மூன்று வருடம் விட்டால் மாதம் சுமார் 14 டாலர், டி பிரிவில் இருக்கும் காலமெல்லாம். பி பிரிவைத் தள்ளிப்போட்டால் இன்னும் கடுமை: முழு 12 மாதம் ஒவ்வொன்றுக்கும் 10 சதவீதம். தானோ மனைவியோ 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனியில் இருந்து, அங்கே காப்பீடும் இருந்தால் மட்டும் தள்ளிப்போடலாம். நம் மளிகைக் கடைகளில் 20 பேர் ஏது?

டி திட்டங்களை ஒப்பிடுவது கொள்முதல் பட்டியல் போடுவது போல. எந்தத் திட்டம் நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. நம் மாத்திரைகளுக்கு எது நல்லது என்பதே கேள்வி. மாத்திரையின் மூலப்பெயர், மில்லிகிராம், நாளைக்கு எத்தனை என்று ஒரு சிட்டை எழுதிக்கொள்ள வேண்டும். மெடிகேரின் சொந்த வலைத்தளத்தில் அதைப் பதிந்தால் வருடம் முழுவதற்குமான செலவை, பிரீமியம் சேர்த்து, திட்டவாரியாகக் காட்டும். பிரீமியம் குறைந்த திட்டம் மொத்தச் செலவில் மேலே நிற்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம். எந்த மருந்துக் கடை என்பதாலும் விலை மாறும். 2,100 டாலர் வரம்பு திட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்துக்கு மட்டுமே. பட்டியலில் இல்லாததற்கு எவ்வளவு கொடுத்தாலும் கணக்கில் ஏறாது. இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்பது 2023 முதல் சட்டம். 2026 ஜனவரி முதல் அரசாங்கமே பேரம் பேசிக் குறைத்த விலை 10 மருந்துகளுக்கு வந்திருக்கிறது. சர்க்கரைக்கான ஜானுவியா, ஒரு மாத மருந்தின் பட்டியல் விலை 527 டாலராக இருந்தது 113 ஆயிற்று. மொத்தமாக வாங்குகிறவன் விலை பேச வேண்டும் என்று அந்த அரசாங்கத்திற்கு 2022-ல்தான் சட்டம் போடத் தோன்றியது. நம் கமிஷன் மண்டியில் பையனுக்குக்கூடத் தெரிந்த விஷயம்!

திட்டங்கள் வருடா வருடம் மருந்துப் பட்டியலை மாற்றும். மாற்றிக்கொள்ள ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை அவகாசம். ஜனவரி 1 முதல் அமலாகும். முதன்முறை சேருகிறவருக்கு, தகுதி வரும் மாதத்திற்கு முன் 3 மாதம், அந்த மாதம், பின் 3 மாதம், ஆக 7 மாதம். கமிஷன் வாங்கும் ஏஜெண்டிடம் போகுமுன், ஒவ்வொரு மாநிலத்திலும் இதற்கென்றே உள்ள 'ஷிப்' என்ற இலவச ஆலோசனை மையத்தில் கேட்கலாம். போகும்போது மாத்திரைச் சிட்டையும், காட்டிவரும் டாக்டர் பெயரும், வருடத்தில் எத்தனை மாதம் எந்த ஊரில் இருப்போம் என்ற விவரமும் கையில் இருக்கட்டும்.

5 ஆண்டு முடியும் வரை எடுக்க வேண்டிய தனியார் பாலிசிகளைப் பற்றி அடுத்த இதழில் எழுதுவோம்.