வலி மாத்திரையைக் குறைக்கும் காலம்

நாள்பட்ட முதுகுவலிக்கோ மூட்டுவலிக்கோ டிரமடால், டாபென்டடால் போன்ற மாத்திரைகளை உட்கொண்டு வருவோரின் குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் முதற்கேள்வி, "இதை எப்போது நிறுத்தலாம், டாக்டர்?" என்பதே.

இவை ஓபியாய்டு வகை மருந்துகள். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய சில நாட்களுக்குப் பெரிதும் உதவுபவை. மாதக்கணக்கில் தொடர்ந்தால் உடல் பழகிவிடுவதால் பலன் குறைகிறது. சிலருக்கு மருந்தே வலியுணர்வைக் கூர்மையாக்கிவிடுவதும் உண்டு. மலச்சிக்கல், பகல் தூக்கம், முதியோர் தடுமாறி விழும் அபாயம் ஆகியவையோ குறைவதில்லை.

ஆயினும் திடீரென நிறுத்தலாகாது. அக்கறை மிகுதியால் மாத்திரை அட்டையை ஒளித்து வைக்கும் பிள்ளைகள் உண்டு. ஓரிரு நாட்களில் வியர்வை, கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை, பதற்றம் தோன்றும். பழைய வலியும் சீறி எழும். உடனே வீட்டார், "நோய் முற்றிவிட்டது" என்று அஞ்சுகின்றனர்; சிலர் "அடிமையாகிவிட்டார்" என்று ஏசவும் செய்கின்றனர். பெரும்பாலும் இரண்டும் சரியன்று. பழகிய மருந்து விலகும்போது உடல் காட்டும் எதிர்வினை அது.

ஓராண்டுக்கு மேல் உட்கொண்டவர்கள் மாதத்திற்கு ஏறத்தாழ 10 விழுக்காடு, அல்லது அதனினும் மெதுவாகக் குறைத்தால் உடல் தாங்கிக்கொள்ளும். நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் எனில் முதல் மாதம் 20 மில்லிகிராம்தான் குறையும். எந்த வேளையில் எவ்வாறு குறைப்பது என்பதை மருத்துவர் எழுதித் தருவார். மெதுவாகக் கரையும் மாத்திரைகளை நீங்களாக உடைக்கவோ பொடிக்கவோ வேண்டாம். முழு அளவும் ஒரேயடியாக இரத்தத்தில் கலந்துவிடும். இடையில் கடினமாக இருந்தால் அதே அளவில் சில வாரங்கள் நிற்கலாம். உடற்பயிற்சி சிகிச்சையையும் அன்றாட நடையையும் அக்காலத்தில் விடாதிருப்பது நல்லது.

ஓர் எச்சரிக்கை. அளவு குறைந்தபின், வலி தாளாமல் பழைய அளவை ஒரே வேளையில் விழுங்கினால் மூச்சு மந்தமாகக்கூடும். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் ஆபத்து மிகும். தட்டி எழுப்பியும் விழிக்காமல், மூச்சு விட்டுவிட்டு வந்தால் தாமதியாமல் 108-ஐ அழையுங்கள்.

புற்றுநோய் வலிக்கு மார்பின் பெறுவோருக்கு இவை பொருந்தா. அவர்கள் தம் மருந்தைக் குறைக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை வரும்போது, வேறிடத்தில் வாங்கியவை உட்பட எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்து வாருங்கள். "அந்த வெள்ளை மாத்திரை" என்றால் எங்களுக்கு விளங்குவதில்லை.