நாதமும் ஜீவனமும்

கூட்டுறவு வங்கியில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவரும், எங்கள் தெருவில் வேறெவரையும்விட மிகுந்த சிரத்தையோடு மார்கழிக் கச்சேரிகளுக்குப் போய்வருபவருமான என் நண்பர், சென்ற மாதம் ஒரு சாயங்காலம் கையில் வழவழப்பான ஒரு கல்லூரிக் கையேட்டோடு வந்து உட்கார்ந்து, நெடுநேரம் வேறு விஷயங்களையெல்லாம் பேசிய பிறகு, வந்த காரியத்தை மெல்லச் சொன்னார். பிளஸ் டூ எழுதப்போகும் அவருடைய இளைய மகன் இசைத் தொழில்நுட்பம்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறானாம். "பாட்டுப் படிக்கிறேன்னா புரியுது, இன்ஜினீயரிங்னாலும் புரியுது. இது ரெண்டுக்கும் நடுவுல என்னமோ சொல்றான் சார். இது சோறு போடுமா?" என்று கேட்டார்.

ஒலிப்பதிவுக் கூடங்களில் பல வருஷங்கள் உட்கார்ந்து பார்த்தும் கேட்டும் எழுதியும் வந்தவன் என்ற முறையில் என்னிடம் அவர் கேட்டது நியாயமே. ஆனால் 'போடும்' என்றோ 'போடாது' என்றோ ஒற்றைச் சொல்லில் அதற்கு விடை சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அன்று அவரிடம் அரைகுறையாகச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

இந்தப் படிப்பு நேற்று முளைத்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் மேலைச் சங்கீதத்தையே வேறு திசைக்குத் திருப்பிய அர்னால்ட் ஷோன்பெர்க், 1946இல் சிகாகோ சர்வகலாசாலையின் தலைவராயிருந்த ராபர்ட் ஹட்சின்ஸுக்கு எழுதிய ஒரு கடிதத்தில், இசைத்தட்டு, வானொலி, பேசும்படம் ஆகியவற்றின் ஒலியை ஆள்பவர்களுக்குச் சங்கீதமும் பௌதிகமும் ஒலியியலும் இயந்திர ஞானமும் ஒருசேரக் கற்பிக்க வேண்டுமென்று யோசனை கூறினார். மூன்று வருஷம் கழித்து, 1949இல், ஜெர்மனியின் டெட்மோல்ட் நகரத்து இசைக் கல்லூரியில் எரிக் தீன்ஹாஸ் என்பவர் 'டோன்மைஸ்டர்' என்ற படிப்பைத் தொடங்கினார். ஒலியின் ஆசான் என்று அந்தச் சொல்லை நாம் மொழிபெயர்த்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் சர்ரே சர்வகலாசாலை 1970இல் அதே பெயரில் ஒரு பட்டப்படிப்பை ஏற்படுத்தியது. இவர்கள் எல்லோருடைய எண்ணமும் ஒன்றே: பொத்தானை அழுத்தத் தெரிந்த இயந்திரக்காரனுக்கு ராகம் தெரியவில்லை, ராகம் தெரிந்த வித்துவானுக்கு இயந்திரம் தெரியவில்லை, இரண்டும் தெரிந்த ஒருவன் நடுவில் வேண்டும்.

சென்னைக்கும் இதில் பழைய பாத்தியதை உண்டு. 1931இல் காளிதாஸ் வெளிவந்த காலத்தில், தமிழ்ப் பேசும்படம் எடுப்பதற்கு நடிகர்களும் பாடகர்களும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேற வேண்டியிருந்தது. 1934இல் ஏ. நாராயணன் சென்னையிலேயே ஒலிப்பதிவு வசதியுள்ள ஸ்ரீனிவாஸா சினிடோனை நிறுவியபோது, அங்கே ஒலிப்பதிவு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவர் அவருடைய மனைவி மீனாட்சி நாராயணன். இந்தத் தொழிலில் நம் தேசத்தின் முதற் பெண்மணி என்று அவரைக் குறிப்பிடுவார்கள். அவர் பெயரை இன்று ஒலிப்பொறியியல் பயிலும் பெண்களிற் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லையே என்பது எனக்கு உள்ளபடியே வருத்தம். பின்னர், 1945இல் மத்திய பாலிடெக்னிக்கின் ஒரு பிரிவாகத் தொடங்கி, அடையாறு திரைப்படக் கல்லூரி என்று நம் ஜனங்கள் சொல்லிப் பழகிய அரசுக் கல்லூரி, இன்று எம்.ஜி.ஆர். பெயரால் தரமணியில் இயங்கிக்கொண்டு, ஒலிப்பதிவைப் பட்டப்படிப்பாகவே கற்பித்துவருகிறது.

அங்கெல்லாம் அப்படி என்னதான் கற்பிக்கிறார்கள்? ஓர் உதாரணத்தை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மேடையில் ஒரு பாடகி. அவருக்கு ஒரு மைக், பக்கத்து வயலினுக்கு ஒரு மைக். பாடகியின் குரல் தம்முடைய மைக்கை அடைவதற்குச் செல்லும் தூரத்தைக் காட்டிலும் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் அதிகமாகச் சென்று, அந்த வயலின் மைக்கிலும் போய் விழுகிறது. ஒலியானது வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் செல்வதாகையால், இந்த இரண்டாவது வருகை ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு தாமதமாகிறது. வினாடிக்கு 500 முறை அதிரும் ஒலிக்கு ஓர் அதிர்வின் சரிபாதிக் காலம் அதுவேதான். ஆகவே ஒரு மைக்கில் அலை மேலெழும் அதே கணத்தில் மற்றதில் அது கீழே தாழ்கிறது. இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில் கலந்தால், 500இலும் 1500இலும் 2500இலும் ஒலி ஒன்றையொன்று தின்றுவிட, மிச்சமிருக்கும் குரல் குடத்துக்குள்ளிருந்து பாடுவதுபோலக் கேட்கிறது. முன்வரிசை ரசிகர், "இன்னிக்குக் குரல் சரியில்லையே" என்று பாடகியைக் குறைசொல்வார். விஷயம் தெரியாத மைக்செட்காரர் இரவு முழுவதும் பேஸையும் டிரெபிளையும் திருகிக்கொண்டிருப்பார். இதைப் படித்தவனோ எழுந்து போய், வயலின் மைக்கை வயலினுக்கு ஒரு சாண் நெருக்கமாக நகர்த்தி, அதன் அளவைக் கொஞ்சம் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து உட்காருவான். குரல் திரும்பிவிடும்.

இந்த ஒரு சாண் நகர்த்தலைத்தான் அந்தப் படிப்பு கற்றுக்கொடுக்கிறது. அதைக் காதால் உணரவும் கணக்கால் விளக்கவும் ஒருங்கே பழகுவதற்குச் சில வருஷங்கள் பிடிக்கத்தான் செய்யும்.

இந்தக் கல்வி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு நான் எப்போதும் நினைத்துக்கொள்ளும் சரித்திரம் ஜான் சௌனிங்குடையது. அவர் பொறியாளர் அல்லர். தாளவாத்தியக்காரர், பாரிஸில் நாடியா பூலாஞ்சேயிடம் பயின்ற சங்கீத மாணவர். கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் இருந்தபோது, கணிப்பொறியையே ஒரு வாத்தியமாகக் கொள்ளலாம் என்று மாக்ஸ் மாத்யூஸ் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, 1964இல் மாத்யூஸ் பணிபுரிந்த பெல் ஆராய்ச்சிக்கூடத்துக்கே நேரில் போய், ஒரு பெட்டி துளையட்டைகளை வாங்கி வந்தார். 1967இல் ஒருநாள், கணிப்பொறி எழுப்பிய ஒரு ஸ்வரத்துக்குக் கமகத்தைப்போன்ற அசைவைக் கொடுத்து, அந்த அசைவின் வேகத்தையும் அகலத்தையும் எந்த மனித விரலாலும் இயலாத அளவுக்கு ஏற்றிக்கொண்டே போனபோது, ஒரு கட்டத்தில் அசைவு காதில் விழாமல் மறைந்து, ஸ்வரத்தின் குணமே மாறி, மணியோசையாகவும் உலோக நாதமாகவும் உருவெடுப்பதைக் கேட்டார். கமகத்திலேயே ஊறிய நம் செவிகளுக்கு இது எவ்வளவு நெருக்கமான கண்டுபிடிப்பு! அமெரிக்க ஆர்கன் கம்பெனிகளுக்கு அதன் அருமை விளங்கவில்லை. ஜப்பானின் யமஹாவுக்கு விளங்கியது. 1983இல் வெளிவந்த டி.எக்ஸ்.7 என்னும் விசைப்பலகை அதிலிருந்து பிறந்தது. அந்தக் காலத்து மெல்லிசையில் கணகணவென்று ஒலிக்கும் மின்பியானோ நாதத்துக்கு மூலம் அதுவே. அந்தக் காப்புரிமை ஸ்டான்போர்டுக்கு 2 கோடி டாலருக்கு மேல் ஈட்டிக் கொடுத்தது. இடையில் அதே சர்வகலாசாலை சௌனிங்குக்கு நிரந்தரப் பதவி தர மறுத்து அவரை அனுப்பிவிட்டதும், பிறகு தானே திரும்ப அழைத்துக்கொண்டதும், 1975இல் அங்கே இசைக்கும் ஒலியியலுக்குமாகத் தனி ஆராய்ச்சி நிலையம் எழுந்ததும் இந்தச் சரித்திரத்தின் மற்றப் பகுதிகள். வித்தைக்கு மதிப்புக் கிடைக்காமற் போவதில்லை. ஆனால் அது நம்முடைய வீட்டுக் கடன் தவணையைப் பார்த்து வருவதில்லை.

இனிச் சோற்றுக் கணக்குக்கு வருவோம்.

வடபழனியிலும் கோடம்பாக்கத்திலும் பெரிய ரெக்கார்டிங் தியேட்டர்கள் ஓய்வில்லாமல் இயங்கிய காலத்தில், ஐம்பது அறுபது வாத்தியக்காரர்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வாசிக்க, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தலைமை ஒலிப்பதிவாளரும் அவருக்குப் பின்னால் இரண்டு மூன்று உதவியாளர்களும் இருப்பார்கள். அந்த உதவியாளர் நாற்காலிதான் இந்தத் தொழிலின் உண்மையான பள்ளிக்கூடம். இன்று இசையமைப்பாளர் தம் வீட்டு அறையில், ஒரு கணிப்பொறியின் முன்னால், பாதி வேலையை முடித்துவிடுகிறார்; கூடங்கள் குறைந்தன, நாற்காலிகளும் குறைந்தன. ஒலிப்பதிவுக்கூட வாசலில் பட்டச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை, "யார்கிட்ட இருந்தே?" என்பதே முதற் கேள்வி. முதல் இரண்டு வருஷம் கேபிள் சுருட்டுவது, மைக் ஸ்டாண்டு தூக்குவது, விடியும்வரை விழித்திருந்து மறுநாள் மத்தியானம் மறுபடி வருவது என்றுதான் கழியும். சம்பளம், பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாய்ப் போகும். வேலையை முடித்துக்கொடுத்த பின் பணத்துக்காக மாதக்கணக்கில் நடையாய் நடந்த இளைஞர்களை நான் அறிவேன். ரசூல் பூக்குட்டி புனேயின் திரைப்படக் கல்லூரியிலிருந்து வெளிவந்தது 1995இல். 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக ஆஸ்கர் மேடையேறியது 2009இல். கையேடுகளெல்லாம் அந்த மேடையைப் படம்போட்டுக் காட்டுகின்றன. நடுவிலுள்ள பதினான்கு வருஷத்தை ஒன்றும் காட்டுவதில்லை.

ஆனால் ஒலி, கூடத்தைவிட்டு வெளியே பரவிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். படப்பிடிப்பிடத்திலேயே வசனத்தைப் பதிவு செய்வோர், நடிகர் நடக்கும் காலடியோசையையும் புடவையின் சரசரப்பையும் இருட்டறையில் நின்று தம் கைகால்களால் உண்டாக்கும் ஃபோலி கலைஞர்கள், தொடர்களைப் பல மொழிகளில் டப்பிங் செய்யும் கூடங்களில் வேலை செய்வோர், ஊர் ஊராய்ப் போகும் மேடைக் கச்சேரிகளின் ஒலியைக் கவனிப்போர், அரங்குகளில் எதிரொலியைக் கணக்கிட்டுச் சுவரமைப்பைச் சொல்லும் ஆலோசகர்கள், காரிலும் கைப்பேசியிலும் செவிப்புலக் கருவியிலும் வரும் ஒலியைச் சீர்ப்படுத்தும் பொறியாளர்கள் என்று இன்றைக்கு வேலை நாலாபக்கமும் கிளைத்திருக்கிறது. இவற்றில் மாதச் சம்பளம் நிலையாக வருவது பெரும்பாலும் கடைசியில் சொன்ன இரண்டிலுந்தான்; அவற்றுக்கோ கணிதமும் பௌதிகமும் இல்லாமல் வாசற்படியைக்கூட மிதிக்க முடியாது. சர்ரேயின் டோன்மைஸ்டர் படிப்பு கணிதம், பௌதிகம், சங்கீதம் மூன்றையும் எதிர்பார்ப்பதும், படிப்பின் நடுவே ஒரு முழு வருஷத்தை வெளியே தொழிலிடங்களில் கழிக்கச் செய்வதும் மிகுந்த விவேகமான ஏற்பாடுகள் என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே என் நண்பர் கொண்டுவந்த கையேட்டை நான் புரட்டியபோது, இயந்திரங்களின் படத்தைப் பார்க்கவில்லை. கணிதம் எங்கே என்று தேடினேன், இல்லை. செவிப்பயிற்சி எத்தனை மணி நேரம் என்று தேடினேன், அதுவும் இல்லை. மூன்று வருஷமும் மென்பொருள்களின் பெயர்களே இருந்தன. மென்பொருளை இயக்கக் கற்பதற்கு ஓர் இளைஞனுக்கு இன்று சர்வகலாசாலை வேண்டியதில்லை. கைப்பேசியும் ஆறு மாதப் பொறுமையும் போதும். அதற்காக லட்சக்கணக்கில் கட்டணம் கட்டுவதும், நகையை அடகுவைப்பதும் தகாது என்று பளிச்சென்று சொல்லிவிட்டேன். தரமணி அரசுக் கல்லூரியில் இடங்கள் கொஞ்சம், போட்டி கடுமை. ஆனால் கட்டணம் அற்பம். அது கிடைக்காவிட்டால் பௌதிகத்திலோ மின்னணுவியலிலோ பட்டம் பெற்றுக்கொண்டே, மாலைவேளைகளில் ஒரு நல்ல ஒலிப்பதிவாளரிடம் போய் நிற்பது எவ்வளவோ மேல்.

"இப்பத்தான் எல்லாத்தையும் ஏ.ஐ. பண்ணிடுதாமே?" என்றும் நண்பர் கேட்டார். இரைச்சலைத் துடைப்பது, பழைய பதிவிலிருந்து குரலைத் தனியே பிரிப்பது போன்ற வேலைகளை இயந்திரம் நிமிஷத்தில் செய்துவிடுகிறது. அவற்றை மட்டும் நம்பியவர்களுடைய பாடு கஷ்டந்தான். ஆனால் ஒரு பழைய கச்சேரிப் பதிவை அப்படித் துடைக்கக் கொடுத்தபோது, இடைவிடாது ஒரே சீராக ஒலிக்கும் தம்புராவையும் அந்த இயந்திரம் இரைச்சல் என்றே எண்ணித் துடைத்துவிட்டதை நான் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். சுருதியற்ற வெளியில் அந்தப் பாட்டு அநாதையாய் நின்றது. அதைப் பிடித்து நிறுத்துவதற்குத் தம்புராவைக் கேட்டு வளர்ந்த ஒரு செவி அங்கே வேண்டியிருந்தது.

இரண்டு வாரம் கழித்துப் பையன் தானே வந்தான். "மாமா, கணக்கு வேணும்னு சொன்னீங்களாமே, எனக்கு ஏதாவது ஒண்ணு சொல்லிக் குடுங்க" என்றான். பத்தடி அகலமுள்ள அறையில், வினாடிக்கு 56 முறை அதிரும் தாழ்ந்த ஒலியின் அலை சுவருக்குச் சுவர் சரிபாதியாய்ப் பொருந்திக்கொள்ளும் என்பதை ஒரு காகிதத்தில் வரைந்து காட்டி, சுவரோரத்தில் அது உரக்கவும் நடுவில் மங்கியும் கேட்கும், போய்ச் சோதித்துப் பார் என்று அனுப்பினேன். அன்றிரவே அவர்கள் வீட்டுக்கு நான் ஒரு காரியமாய்ப் போனபோது, கூடத்து ஸ்பீக்கர் அவனுடைய அறை மூலைக்குப் போயிருந்தது. கதவைத் திறந்ததும் அடிவயிற்றில் உறுமலொன்று தட்டியது. அறையின் நட்டநடுவே, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் நண்பர் நின்றிருந்தார். தலையைச் சாய்த்து, "நின்னுடுச்சுடா" என்றார். சுவரை நோக்கி மெதுவாக நாலடி வைத்தார், "வந்துடுச்சு" என்றார். பிறகு, நான் வாசலில் நிற்பதைக் கவனியாமலே, மறுபடி நடுவுக்கு நடந்தார்.